ஒன்பது ஆண்டுகளாய்க் காத்திருக்கும் ஒரு சகோதரிக்கு

ஒன்பது ஆண்டுகளாகக் குழந்தைக்காக ஜெபித்து வருகிறீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாலை ஜெபத்தில் “கர்ப்பம் விழுகிறதும், மலடும் உன் தேசத்தில் இருப்பதில்லை” என்ற யாத்திராகமம் 23:26 கண்ணில் பட்டபோது, அதைத் தேவன் உங்களுக்கென்றே தந்த வாக்குத்தத்தமாகப் பற்றிக்கொண்டீர்கள். உங்களுக்குப் பின் மணமானவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். அண்மையில் சபையில் ஒருவர், உங்கள் அவிசுவாசமே ஆசீர்வாதத்தைத் தடுக்கிறது என்று சொல்லியிருக்கிறார். “தேவன் சொன்னது பொய்யா, என் விசுவாசம் பொய்யா? இந்த இரண்டில் எதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்?” என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். எப்படிப் பொறுமையாக இருப்பது என்று நீங்கள் கேட்டிருந்தால் சில வரிகளில் பதில் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்டிருப்பது அதைவிடக் கடினமானது: காத்திருக்கும் ஒருவர் தேவனையோ தம்மையோ குற்றவாளியாக்கியே தீர வேண்டுமா என்பது. பழைய ஏற்பாட்டைக் கற்பிப்பதிலும் சபை ஊழியத்திலும் 25 ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குக் குழந்தை பிறக்குமா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் அதிகாரம் எனக்குத் தரப்படவில்லை. அதைச் சொல்லத் துணிகிறவர்களிடம் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

உங்களை அதிகமாகக் காயப்படுத்திய சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அவிசுவாசம் தடுக்கிறது என்று சொன்னவர், பிள்ளைக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றி வேதம் சொல்வதை நிதானமாக வாசித்தவராக இருக்க முடியாது. லூக்கா தம் சுவிசேஷத்தைச் சகரியா, எலிசபெத்து என்னும் தம்பதியரோடு தொடங்குகிறார். அவர்கள் இருவரும் கர்த்தருடைய கற்பனைகளின்படி குற்றமற்றவர்களாய் நடந்து, தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள் என்று 1:6 கூறுகிறது. அவர்களுக்குப் பிள்ளையில்லை என்று அடுத்த வசனமே கூறுகிறது. இந்த இரண்டு வசனங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது தற்செயலாக எனக்குப் படவில்லை. அந்த வீட்டின் வெறுமைக்கு அந்த வீட்டாரின் பாவத்தையோ விசுவாசக் குறைவையோ காரணம் காட்ட எவருக்கும் இடமில்லாதபடி லூக்கா எழுதியிருக்கிறார்.

அதன்பின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. பிள்ளை பிறக்கும் என்று தூதன் நேரில் வந்து சொல்லியும் சகரியா நம்பவில்லை, அதற்காகப் பேச்சிழந்தார். ஆனாலும் யோவான் பிறந்தான். பிள்ளை வாக்களிக்கப்பட்டபோது ஆபிரகாம் 99 வயதில் முகங்குப்புற விழுந்து நகைத்தார். சாராள் கூடார வாசலில் நின்று தன் உள்ளத்தில் நகைத்தாள். ஆனாலும் ஈசாக்கு பிறந்தான், அந்த நகைப்பே அவனுக்குப் பெயராயிற்று. தேவன் தெளிவாகச் சொன்ன காரியங்களில்கூட, கேட்டவர்களின் தடுமாற்றம் அவர் சொல்லைத் தடுத்ததாக இந்த நிகழ்ச்சிகள் காட்டவில்லை. அப்படி நகைத்த சாராளைத்தான் எபிரெயர் 11:11 விசுவாச வீரர்களின் வரிசையில் வைக்கிறது. உங்கள் சந்தேகம் தேவனுடைய கையைக் கட்டிப்போடும் அளவுக்கு வலிமை வாய்ந்ததல்ல, சகோதரி.

இதற்கு மறுப்பாக, சந்தேகப்படாமல் விசுவாசத்தோடு கேட்கச் சொல்லும் யாக்கோபு 1:6-ஐயும், ஜெபத்தில் கேட்பதைப் பெறுவோம் என்று விசுவாசித்தால் அது கிடைக்கும் என்னும் மாற்கு 11:24-ஐயும் காட்டுவார்கள் என்பதை அறிவேன். அவற்றை நான் ஒதுக்கவில்லை. ஆனால் யாக்கோபு அங்கே பேசுவது ஞானத்துக்காகக் கேட்பதைப் பற்றி. தேவனிடம் ஒரு காலும் வேறெங்கோ ஒரு காலும் வைத்திருக்கும் இருமனமுள்ளவனைப் பற்றி. ஒன்பது ஆண்டுகளாக ஒரே வாசலில் நின்று தட்டிக்கொண்டிருப்பவரை இருமனமுள்ளவர் என்று எந்த நியாயத்தில் அழைப்பது? மாற்கு 11:24-ஐச் சொன்ன அதே இயேசு, அதே சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரத்தில், “இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்” என்று கெத்செமனேயில் ஜெபித்தார். பாத்திரம் எடுக்கப்படவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எந்தக் கிறிஸ்தவனும் துணியமாட்டான். ஆகவே, கேட்டது கிடைக்காமையிலிருந்து விசுவாசக் குறைவை ஊகிக்கும் இந்த வழக்கமான கணக்கு, ஆண்டவருடைய சொந்த ஜெபத்துக்கு முன்பாகவே செல்லாமற்போகிறது.

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன். இதில் நான் மெதுவாகப் பேச வேண்டும். ஏனெனில் ஆறு ஆண்டுகள் நீங்கள் பிடித்துக்கொண்டிருந்த கயிறு இது. யாத்திராகமம் 23 சீனாய் மலையடியில் இஸ்ரவேல் என்னும் ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. கானான் தேசத்தில் அவர்கள் குடியேறப்போவதைப் பற்றியது. “நீ அவர் வாக்கை நன்றாய்க் கேட்டு” நடந்தால் என்ற உடன்படிக்கை நிபந்தனையோடு வருவது. அதற்கு அடுத்த வசனங்கள் ஏவியரையும் கானானியரையும் துரத்துவதைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றை நமக்கென்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. நடுவிலிருக்கும் ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அந்த உடன்படிக்கைக்குள்ளேயே வாழ்ந்த இஸ்ரவேலர்கூட அதைத் தனித்தனிப் பெண்ணுக்கான உத்தரவாதமாகக் கொண்டதாகத் தெரியவில்லை. பின்னாளில் சாமுவேலுக்குத் தாயான அன்னாள் அந்தத் தேசத்தில்தான் இருந்தாள், ஆண்டுதோறும் கர்த்தருடைய ஆலயத்துக்குப் போனாள், ஆனாலும் பிள்ளையற்றிருந்தாள். அவளுடைய அவிசுவாசத்தால் அல்ல. “கர்த்தரோ அவள் கர்ப்பத்தை அடைத்திருந்தார்” என்று 1 சாமுவேல் 1:5 நேராகவே சொல்கிறது. விளங்கிக்கொள்ளக் கடினமான வாக்கியம்தான். ஆயினும் அன்னாளின் தோளிலிருந்து குற்றத்தின் பாரத்தை அது இறக்கிவைக்கிறது.

அப்படியானால் அந்த அதிகாலையில் உங்களுக்கு வந்த ஆறுதல் பொய்யா? இதில் கிறிஸ்தவர்கள் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். ஒரு வசனத்தின் மூலம் தேவன் ஒருவரோடு தனிப்பட்ட முறையில் பேசுவார் என்று உறுதியாக நம்புகிறவர்களும், வசனம் முதலில் யாருக்குச் சொல்லப்பட்டதோ அந்த எல்லைக்குள்ளேயே நின்றாக வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாம் தரப்புக்கு நெருக்கமானவன். ஆனாலும் முதல் தரப்பைத் தள்ளிவிடவில்லை. என் தீர்ப்பு இது: அன்று தேவன் உங்களைத் தேற்றியிருக்கலாம், உங்கள் ஏக்கம் அவருக்குத் தெரியும் என்று உங்களுக்கு உணர்த்தியிருக்கலாம். அந்த ஆறுதலை நான் உங்களிடமிருந்து பிடுங்கமாட்டேன். ஆனால் அதிலிருந்து ‘எனக்குக் குழந்தை பிறந்தே தீரும்’ என்று நாம் வருவித்துக்கொண்ட முடிவு, வேதவசனத்துக்குரிய நிச்சயத்தைப் பெறாது. முதலாவது தேவனிடமிருந்து வந்திருக்கக்கூடியது. இரண்டாவது நம்முடைய அனுமானம். இந்த அனுமானம் ஒருவேளை நிறைவேறாமற்போனாலும், தேவன் பொய்யராவதில்லை, நீங்களும் ஏமாற்றுக்காரராவதில்லை.

இந்த வேறுபாட்டை நான் புத்தகத்திலிருந்து மட்டும் கற்கவில்லை. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், உங்களைப்போலவே காத்திருந்த ஒரு தம்பதியரின் வீட்டில், ஆதியாகமம் 18:14-ஐ வாசித்துவிட்டு, “அடுத்த ஆண்டு இந்நேரம் உங்கள் கையில் பிள்ளை இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். சாராளுக்குச் சொல்லப்பட்டதை அந்தச் சகோதரிக்குச் சொல்ல எனக்கு எந்தக் கட்டளையும் இல்லை. அவர்கள் முகத்திலிருந்த துயரத்தைத் தாங்கமாட்டாமல் சொன்னேன். ஆண்டு கடந்தது. அவர்கள் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினார்கள். பின்னர் அவர்கள் வீட்டுக்குப் போய், தேவன் சொல்லாததை அவர் பெயரால் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சகோதரி அழுதுகொண்டே, “அப்படியானால் இத்தனை நாள் நான் கோபப்பட்டது ஆண்டவர்மேல் அல்ல, உங்கள்மேல்தான்” என்றார். அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை என்னோடிருக்கிறது. தேவன்மேல் நாம் கொண்டிருக்கும் வருத்தத்தில் எவ்வளவு, அவர் பெயரால் மனிதர் பேசியதிலிருந்து வந்தது என்பதை நீங்களும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எரேமியாவின் காலத்தில் இதுவே ஒரு ஜனம் முழுவதற்கும் நேர்ந்தது. கி.மு. 597-இல் யூதாவின் எகொனியா ராஜாவோடு ஒரு கூட்டம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனது. அவர்கள் எப்போது திரும்புவார்கள் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் தரப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவரும் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி, ஆலயத்தில், ஆசாரியர்களுக்கும் ஜனங்களுக்கும் முன்பாகக் கர்த்தருடைய பெயரால் சொன்னான். எழுபது ஆண்டுகள் என்று எரேமியா கடிதம் எழுதினார். பொய்யான வாக்குத்தத்தம் குறுகியதாகவும் இனிப்பானதாகவும் இருந்தது. நாம் மிகவும் நேசிக்கும் எரேமியா 29:11, “உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்” என்பது, அந்த எழுபது ஆண்டுக் கடிதத்தில்தான் இருக்கிறது. அதை முதலில் வாசித்துக் கேட்டவர்களில் முதியவர்கள் எவரும் திரும்பும் நாளைக் கண்டிருக்க முடியாது. அவர்களுக்கும் அது சமாதானத்துக்கேதுவான நினைவாகவே சொல்லப்பட்டது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்றும் சொல்லப்பட்டது. தோட்டம் நாட்டச் சொன்னது திரும்பும் நம்பிக்கையைக் கைவிடச் சொன்னதாகாது. காத்திருக்கும் ஆண்டுகளும் உங்கள் வாழ்நாளின் ஆண்டுகளே, அவற்றை வாழாமல் ஒத்திவைக்க வேண்டாம் என்பதே அந்தக் கடிதத்தின் பொருளாக எனக்குப் படுகிறது. குழந்தை வந்த பிறகு என்று நீங்கள் தள்ளிவைத்திருக்கும் படிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைத் தொடங்குவது அவிசுவாசமாகாது.

எவை உறுதியாக வாக்களிக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்பீர்கள். கிறிஸ்துவுக்குள் இருக்கும் எவருக்கும், எந்தக் காலத்திலும், அனுமானத்தின் தேவையின்றித் தரப்பட்டிருப்பவை உண்டு. “நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை” என்பதும், மரணமானாலும் ஜீவனானாலும் தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்பதும், பாவமன்னிப்பும், உயிர்த்தெழுதலும் அப்படிப்பட்டவை. பிள்ளைக்காக ஏங்குகிறவரிடம் இவற்றைச் சொல்லும்போது, பசித்தவரிடம் வேறெதையோ நீட்டுவதுபோல் தோன்றக்கூடும் என்பதை அறிவேன். ஆனால் ஏசாயா 56-இல் ஒரு பகுதி இருக்கிறது. உங்களைப் போன்றவர்களிடம் அதை யாரும் வாசித்துக்காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். பிள்ளை பெற வழியே இல்லாத அண்ணகர்களை நோக்கி, குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைப் பார்க்கிலும் உத்தமமான இடத்தையும் கீர்த்தியையும் தம் ஆலயத்திலே தருவேன் என்கிறார் கர்த்தர். ‘நான் பட்டமரம்’ என்று அவர்கள் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்கிறார். அவர்களுக்குப் பிள்ளை தருவதாக அவர் சொல்லவில்லை. அவர்கள் பட்டமரமல்ல என்றே சொல்கிறார். இது உங்களுக்குக் குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் உண்மை.

காத்திருத்தல் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். “கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து” என்ற ஏசாயா 40:31-இல் வரும் எபிரெயச் சொல் ‘காவா’. எதிர்பார்ப்போடு நோக்கியிருத்தல் என்பது அதன் பொருள், இதில் ஐயமில்லை. கயிற்றை முறுக்குதல் என்ற மூலப்பொருள் அதற்கு உண்டென்றும், எனவே காத்திருத்தல் என்பது தேவனோடு முறுக்கிப் பிணைக்கப்படுதல் என்றும் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அழகான கருத்துதான். ‘நம்பிக்கை’ என்று பொருள்படும் ‘திக்வா’ என்ற சொல், ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்புநூல் கயிற்றைக் குறிக்கவும் வருகிறது என்பதும் மெய்யே. ஆனால் ஒரு சொல்லின் பழைய வேரைக் கொண்டு, அது பயன்படும் ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பொருளை ஏற்றுவது நல்ல மொழியறிவாகாது. நான் அதைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்வது, அதே சொல் வரும் 130-ஆம் சங்கீதத்தை: விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர், அதாவது இரவுக் காவலர். விடியலை வரவழைப்பது ஜாமக்காரனின் வேலையல்ல. அவன் எவ்வளவு உறுதியாக நம்பினாலும் சூரியன் முந்தி உதிப்பதில்லை. அவன் அயர்ந்துபோனால் பிந்தி உதிப்பதுமில்லை. அவன் செய்வதெல்லாம் இருட்டில், கிழக்கு எது என்று தெரிந்து, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருப்பது. அந்தச் சங்கீதக்காரன் குறிப்பிட்ட ஒரு பொருளுக்குக் காத்திருப்பதாகச் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். “என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது” என்கிறான்.

இருட்டில் முறையிடலாமா என்றால், முறையிட வேண்டும். ஆபிரகாம் அழைக்கப்பட்டபோது வயது 75. அடிமைப்பெண் ஆகாரிடம் இஸ்மவேல் பிறந்தபோது 86. கர்த்தர் மறுபடியும் தரிசனமானதாக அடுத்து எழுதப்பட்டிருப்பது 99-ஆம் வயதில். இடையிலுள்ள 13 ஆண்டுகளைப் பற்றி ஆதியாகமத்தில் ஒரு வரிகூட இல்லை. 16-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கும் 17-இன் முதல் வசனத்துக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் அவை அடங்கிக்கிடக்கின்றன. காத்திருக்கும் ஒருவரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த வெற்றிடத்தைப் போன்றதுதான். அதற்கு முன், 15-ஆம் அதிகாரத்தில், “அடியேனுக்கு என்ன தருவீர்? நான் பிள்ளையில்லாமல் இருக்கிறேனே” என்று ஆபிரகாம் கேட்கிறார், நான்கு வசனங்கள் தள்ளி, அவர் விசுவாசித்ததை அவருக்கு நீதியாக எண்ணினார் என்று வருகிறது. முறையீடும் விசுவாசமும் ஒரே இரவில், ஒரே வாயிலிருந்து வந்தவை. 13-ஆம் சங்கீதம் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை “எதுவரைக்கும்” என்கிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதற்கு ஒரு நல்ல முடிவைச் சேர்த்தெழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அப்படியே வேதத்தில் வைத்துவிட்டார்கள். சபையில் சிரித்த முகத்தோடு சாட்சி சொல்ல முடியாத நாட்களில் இந்தச் சங்கீதங்களை உங்கள் வாயில் வைத்துக்கொள்ளுங்கள். தேவனோடு பேசுவதை நிறுத்திவிடுவதுதான் அபாயம். அவரிடம் கடுமையாகப் பேசுவது அல்ல.

சிகிச்சைக்குப் போவது தேவனை நம்பாததாகுமா என்று இறுதியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆகாது. எசேக்கியா ராஜாவின் ஆயுசோடு 15 ஆண்டுகளைக் கூட்டுவேன் என்று கர்த்தரே வாக்களித்த பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. சாராய் (சாராளின் முந்தைய பெயர்) பிள்ளைக்காகத் தன் அடிமைப்பெண் ஆகாரை ஆபிரகாமுக்குக் கொடுத்ததைச் சிலர் எதிராகக் காட்டுவார்கள். கானானில் பத்து ஆண்டுகள் காத்திருந்த பின் சாராய் செய்த ஏற்பாட்டின் கேடு, மனித முயற்சி எடுத்ததில் மட்டும் இருக்கவில்லை. மறுத்துப்பேச உரிமையில்லாத ஓர் அடிமைப்பெண்ணைக் கருவியாக்கியதிலும் இருந்தது. அந்தப் பெண்ணையும் வனாந்தரத்தில் தேடிச்சென்று கண்டார் தேவன் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எனவே எந்தச் சிகிச்சை, எவ்வளவு காலம், எங்கே நிறுத்துவது என்பவற்றை மருத்துவரோடும் உங்கள் கணவரோடும் மனச்சாட்சியோடும் பேசித் தீர்மானியுங்கள். மருத்துவம் என் துறையல்ல. அதில் நான் புகமாட்டேன்.

கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. அவரும் காத்திருக்கிறார். ஈசாக்கு 40 வயதில் ரெபெக்காளை மணந்தார், பிள்ளைகள் பிறந்தபோது அவருக்கு 60. அந்த இருபது ஆண்டுகளைப் பற்றி வேதம் சொல்வது, மலடியாயிருந்த தன் மனைவிக்காக ஈசாக்கு கர்த்தரை நோக்கி வேண்டுதல் செய்தார் என்பதை மட்டுமே. அன்னாளின் கணவர் எல்க்கானாவோ, “பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா” என்று அன்போடுதான் கேட்டார். ஆனால் அன்னாளின் துக்கத்தை அந்தக் கேள்வி எட்டவில்லை. உங்கள் கணவர் எல்க்கானாவைப்போல் பேசினால், அதன் பின்னாலிருக்கும் அவருடைய இயலாமையையும் பாருங்கள். ஒரு நாள் அவரோடு சேர்ந்து 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள்.

இன்னும் எத்தனை நாள் இதையே கேட்டு ஜெபிப்பது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே விதி இல்லை. அன்னாள் வருஷந்தோறும் கேட்டாள். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் கேட்டு, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்ததும் நிறுத்திக்கொண்டார். கேட்கப் பெலன் இருக்கும்வரை கேளுங்கள். பெலனற்றுப்போகும் மாதங்களில், அந்த வேண்டுதலை உங்களை நேசிக்கும் இரண்டு மூன்று பேரிடம் ஒப்படைத்துவிட்டு, நீங்கள் சும்மா இருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இப்படிப்பட்ட மாதங்களுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். சகரியாவிடம் தூதன், “உன் வேண்டுதல் கேட்கப்பட்டது” என்றான். அது பிள்ளைக்கான வேண்டுதல் என்றால், முதிர்வயதில் தூபங்காட்ட நின்ற அன்று அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. அவர் நம்ப மறுத்ததைப் பார்த்தால், பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. உங்களுக்கும் அப்படியே பதில் வரும் என்று இதை வைத்து நான் சொல்லவில்லை. சகரியா கேட்பதை விட்டுவிட்ட பிறகும் அந்த வேண்டுதல் தேவனுடைய சந்நிதியில் மறக்கப்படாமல் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.